ஆய்வேட்டின் உள்ளூர் மொழிச் சுருக்கம்: செக்கிலும் லாத்வியத்திலும் லத்தீன்வழிக் கலைச்சொல்லை எழுதுவது எப்படி?

செக்கியாவின் பிராகிலோ பிர்னோவிலோ, லாத்வியாவின் ரீகாவிலோ ஆங்கிலவழியில் படித்து ஆய்வேட்டை முடிக்கப் போகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். ஏடு முழுக்க ஆங்கிலத்தில் இருக்கலாம். ஆனால் இந்த இரு நாடுகளின் பல்கலைக்கழகங்களிலும் பெரும்பாலும் உள்ளூர் மொழியில் ஒரு சுருக்கமும் சில திறவுச்சொற்களும் சேர்த்துக் கேட்பார்கள். ஒரு பக்கம்தான். இருந்தாலும், ஏட்டைத் திறக்கிற உள்ளூர் ஆசிரியர் எவரும் முதலில் படிப்பது அந்தப் பக்கத்தை.

'ஸ்பெக்ட்ரம், பிளாஸ்மா, வைரஸ் எல்லாம் உலகம் முழுக்க ஒரே சொல்தானே, லத்தீன் வழியாக வந்தவைதானே' என்று தோன்றும். வேர் ஒன்றுதான். வால் ஒவ்வொரு மொழியிலும் வேறு. அந்த வாலில்தான் பால், எண், வேற்றுமை எல்லாம் இருக்கின்றன. இரண்டு மொழிகளிலும் இந்தப் பக்கத்தோடு மல்லுக்கட்டியவன் என்ற முறையில் வேலையை வரிசைப்படுத்தித் தருகிறேன். எடுத்துக்காட்டுக்கு ராமன் நிறமாலையை, அதாவது ராமன் ஸ்பெக்ட்ரத்தை, வைத்துக்கொள்கிறேன். திருச்சியில் பிறந்த சர் சி. வி. ராமனின் பெயர் இந்த இரு மொழிகளின் இலக்கணத்துக்குள்ளும் போய் உட்கார்ந்திருக்கிறது. அவர் பெயர் அங்கே எப்படி மாறுகிறது என்று பார்த்தாலே பாதி விஷயம் பிடிபட்டுவிடும்.

ஒரு குறிப்பு. கீழே செக், லாத்வியச் சொற்களைத் தமிழ் எழுத்தில் தந்திருப்பது காதுக்காக மட்டும். எழுத்துக்கூட்டலை அகராதியிலிருந்தே எடுங்கள்.

1. முதலில் இவற்றைச் சேர்த்து வையுங்கள்

ஆங்கிலச் சுருக்கத்தின் இறுதி வடிவம் வேண்டும். 'கிட்டத்தட்ட இறுதி' போதாது. ஆங்கிலத்தில் ஒரு வாக்கியம் மாறினால் செக்கில் மூன்று சொற்களின் வால் மாறும்.

உங்கள் துறையின் ஆய்வேட்டு விதிகள் வேண்டும். எத்தனை எழுத்துக்குள் இருக்க வேண்டும், திறவுச்சொற்கள் எத்தனை, தலைப்பும் உள்ளூர் மொழியில் வேண்டுமா என்பதெல்லாம் அதில் இருக்கும். தலைப்பைத்தான் பலரும் மறந்துவிடுகிறார்கள். லாத்வியாவில் முனைவர் பட்டத்துக்குச் சமர்ப்பிப்பவர்கள், ஒரு பக்கச் சுருக்கம் போதுமா, அதைவிடப் பெரிய தொகுப்புரை தேவையா என்று துறையில் கேட்டுக்கொள்ளுங்கள். அதைப் பொறுத்துச் செலவும் நாளும் பல மடங்கு மாறும்.

மூன்றாவதாக, உங்கள் ஆய்வுக்குழுவிலேயே உள்ளூர் மாணவர்கள் முன்பு எழுதிய இரண்டு மூன்று ஏடுகள். எந்த அகராதியைவிடவும் இவை உதவும். செக்கில் மாசரிக் பல்கலைக்கழகம் நடத்தும் நாடு தழுவிய ஆய்வேட்டுப் பதிவகம் இணையத்தில் இருக்கிறது. சார்லஸ் பல்கலைக்கழகத்துக்கும் லாத்வியப் பல்கலைக்கழகத்துக்கும் தனித்தனி மின்களஞ்சியங்கள் உண்டு. பார்க்கக் கட்டணம் கிடையாது. உங்கள் வழிகாட்டியின் பெயரைப் போட்டுத் தேடுங்கள்.

2. சொல்லைத் தேடும்போது லத்தீனிலிருந்து தொடங்காதீர்கள்

லத்தீன் வேர் தெரிந்தவர்கள் நேராக ஒரு சொல்லை உருவாக்கிவிடுகிறார்கள். அது பல இடங்களில் தப்பாகப் போகும், ஏனென்றால் எங்கே லத்தீன்வழிச் சொல்லை வைத்துக்கொள்வது, எங்கே சொந்தச் சொல்லைப் போடுவது என்பதில் இரு மொழிகளும் ஒத்துப்போவதில்லை. வெப்பநிலைக்கு லாத்வியத்தில் 'டெம்பெரட்டூர'. செக்கில் அறிவியல் எழுத்திலும் சொந்தச் சொல்லான 'டெப்லொட்ட'தான். வட்டத்தின் ஆரத்துக்கு லாத்வியத்தில் 'ராடியுஸ்'. செக்கில் 'பாதி அளவு' என்று பொருள்படும் சொந்தச் சொல் இருக்கிறது. ஹைட்ரஜனுக்கு இரண்டிலுமே தண்ணீரிலிருந்து பிறந்த சொந்தச் சொற்கள். ஆனால் சோடியமும் அலுமினியமும் லாத்வியத்தில் லத்தீன்வழி, செக்கில் சொந்தம்.

ஆகவே இந்த வரிசையில் போங்கள். முதலில் ஐரோப்பிய ஒன்றியத்தின் கலைச்சொல் தரவுத்தளமான 'இயாட்டே'. செக்கியா, லாத்வியா இரண்டும் 2004 மே 1 அன்று ஒன்றியத்தில் சேர்ந்தவை, இரு மொழிகளும் அதில் உண்டு. ஆங்கிலச் சொல்லைக் கொடுத்தால் இரண்டையும் காட்டும். துறை வாரியாகப் பிரித்திருப்பார்கள், உங்கள் துறையின் வரியை மட்டும் எடுங்கள்.

அப்புறம் அதை உள்ளூர் மூலத்தில் சரிபாருங்கள். செக்குக்கு, செக் அறிவியல் அகாடமியின் செக் மொழி நிறுவனம் நடத்தும் இணைய மொழிக் கையேடு. சொல்லின் எல்லா வேற்றுமை வடிவங்களையும் அட்டவணையாகவே தரும். லாத்வியத்துக்கு இரண்டு தளங்கள். ஒன்று, லாத்வியப் பல்கலைக்கழகத்தின் கணித, கணினியியல் நிறுவனம் நடத்தும் 'தேஸவுர்ஸ்' அகராதி. அதிலும் வடிவ அட்டவணை உண்டு. மற்றது தேசியக் கலைச்சொல் தளம். லாத்விய அறிவியல் அகாடமியின் கலைச்சொல் ஆணையம் ஏற்ற சொற்கள் அங்கே கிடைக்கும். எல்லாமே இலவசம்.

அகராதியில் இருக்கிற சொல்லை உங்கள் குழு பயன்படுத்தாமலும் இருக்கலாம். முன்னவர்கள் ஏட்டில் வேறு சொல் இருந்தால் வழிகாட்டியிடம் கேட்டு முடிவெடுங்கள்.

3. ஒவ்வொரு சொல்லுக்கும் பக்கத்தில் பாலைக் குறியுங்கள்

தமிழில் நிறமாலையும் பாக்டீரியாவும் வைரசும் அஃறிணை, கதை முடிந்தது. இங்கே அப்படியில்லை. செக்கில் ஆண்பால், பெண்பால், நடுப்பால் என மூன்று. லாத்வியத்தில் நடுப்பால் இல்லை, இரண்டுதான். ஆக லத்தீனில் நடுப்பாலாக இருந்த சொல் செக்கில் பெரும்பாலும் அப்படியே நிற்கும், லாத்வியத்தில் பெரும்பாலும் ஆண்பாலாகிவிடும்.

ராமன் பெயரைப் பாருங்கள். செக்கில் நிறமாலை நடுப்பால், ஆகவே 'ரமனொவொ ஸ்பெக்ட்ரும்'. நிறமாலையியல் பெண்பால், ஆகவே 'ரமனொவ ஸ்பெக்ட்ரொஸ்கொப்பியெ'. ராமன் சிதறல் ஆண்பால், ஆகவே 'ரமனூவ்' என்று தொடங்கும். ஒரே மனிதரின் பெயர், மூன்று பாலுக்கு மூன்று வால். லாத்வியத்தில் மூன்றுக்குமே 'ரமன'தான், ஏனென்றால் அங்கே அது 'ராமனின்' என்ற ஆறாம் வேற்றுமை. பின்னால் வரும் சொல்லைப் பொறுத்து மாறாது. ராமனையே எழுவாயாக எழுதினால் 'ரமன்ஸ்' என்று ஆகிவிடுவார். வெளிநாட்டார் பெயருக்கும் வால் ஒட்டுவது லாத்வியத்தில் முறை, யாரும் அதைப் பிழை என்று சொல்ல மாட்டார்கள். 'ஸ்' ஒட்டாமல் விட்டால்தான் திருத்துவார்கள்.

பாலை ஊகிக்கச் சில வழக்கங்கள் உதவும். ஆங்கிலத்தில் 'ஷன்' என்று முடிகிற சொற்கள் செக்கில் 'ட்ஸெ' என்றும் லாத்வியத்தில் 'ட்ஸிய' என்றும் முடியும்: 'ஃபுங்க்ட்ஸெ', 'ஃபுங்க்ட்ஸிய'. இரண்டும் பெண்பால். பாக்டீரியா செக்கில் 'பக்டெரியெ', லாத்வியத்தில் 'பக்டேரிய'. இவையும் பெண்பால். 'மெக்கானிசம்' போன்றவை செக்கில் 'இஸ்முஸ்', லாத்வியத்தில் 'இஸ்ம்ஸ்', ஆண்பால். செக்கில் இந்த முடிவை ஸகரத்துக்குப் பதில் அதன் அதிர்வொலி எழுத்தை (ஆங்கிலத்தின் இசட்) போட்டும் எழுதலாம் என்று விதி அனுமதிக்கிறது. ஆய்வேட்டில் ஸகரத்தையே வையுங்கள், அதுதான் அங்கே வழக்கம். எப்படியானாலும் ஒரே பக்கத்தில் இரண்டையும் கலக்காதீர்கள்.

பெரிய பொறி பிளாஸ்மா. கிரேக்கத்தில் பிறந்து லத்தீன் வழியாக வந்த சொல். செக்கில் எழுவாய் வடிவம் ஒன்றுதான், ஆனால் பொருளைப் பொறுத்துப் பால் மாறும். இரத்தப் பிளாஸ்மா பெண்பால், 'பிளாஸ்மாவின்' என்பதற்கு 'ப்ளஸ்மி'. இயற்பியலின் அயனிப் பிளாஸ்மா நடுப்பால், 'பிளாஸ்மாவின்' என்பதற்கு 'ப்ளஸ்மட்டு'. பிராகில் செக் அறிவியல் அகாடமியின் பிளாஸ்மா இயற்பியல் நிறுவனம் இருக்கிறது. அதன் செக் பெயரில் இருப்பது இந்த 'ப்ளஸ்மட்டு'தான். இயற்பியல்காரர் மருத்துவ வடிவத்தை எழுதினால் படிப்பவருக்கு உடனே உறுத்தும். இயந்திர மொழிபெயர்ப்பைப் பயன்படுத்தினால் இந்தச் சொல்லைக் கட்டாயம் சரிபாருங்கள். லாத்வியத்தில் இந்தத் தொல்லை இல்லை, இரண்டு பொருளுக்கும் பெண்பால்தான், 'ப்ளஸ்மஸ்'. கருப்பொருள், வரைபடத் திட்டம், உடற்காயம் ஆகியவற்றுக்கான 'தேம', 'ஸ்கேம', 'ட்ரவும' வகைச் சொற்களும் இப்படியே: செக்கில் நடுப்பால், லாத்வியத்தில் பெண்பால்.

4. சுருக்கத்தில் எழுவாய் வடிவம் அரிதாகவே வரும், ஆகவே வேற்றுமைகளை எழுதி வையுங்கள்

திறவுச்சொற்களில் எழுவாய் வடிவம் போதும். சுருக்கத்திலோ 'நிறமாலையின் ஆய்வு', 'நிறமாலையில் கண்ட மாற்றம்', 'நிறமாலைகளின் ஒப்பீடு' என்று ஆறாம், ஏழாம் வேற்றுமைகள்தான் நிறைய வரும். வேற்றுமை உருபு நமக்குப் புதிதல்ல. புதிது என்னவென்றால், உருபு சேரும்போது சொல்லின் வால் கழன்று போவது.

செக்கில் 'உம்' என்று முடியும் லத்தீன்வழிச் சொல் எழுவாயிலும் செயப்படுபொருளிலும் மட்டும் அந்த 'உம்'மை வைத்திருக்கும். மற்ற இடங்களில் அது விழுந்துவிடும். 'ஸ்பெக்ட்ரும்', நிறமாலையின் என்றால் 'ஸ்பெக்ட்ர', நிறமாலையில் என்றால் 'ஸ்பெக்ட்ரு'. பன்மையில் 'நிறமாலைகள்' என்றாலும் 'ஸ்பெக்ட்ர'. 'நிறமாலைகளின்' என்றால் 'ஸ்பெக்டெர்', நடுவில் ஒரு எகரம் முளைக்கிறது. ஆகவே 'ரமனொவ ஸ்பெக்ட்ர' என்பது 'ராமன் நிறமாலையின்' என்றும் இருக்கலாம், 'ராமன் நிறமாலைகள்' என்றும் இருக்கலாம். நீங்கள் அளந்தது பல நிறமாலைகள் என்றால் 'நிறமாலைகளின்' என்னுமிடத்தில் 'ரமனொவீஹ் ஸ்பெக்டெர்' என்று எழுத வேண்டும். ஒருமையைப் போட்டால் இலக்கணப் பிழை எதுவும் தெரியாது, நீங்கள் செய்த வேலைதான் சுருங்கிப்போகும்.

லாத்வியத்தில் 'ஸ்பெக்ட்ர்ஸ்', நிறமாலையின் 'ஸ்பெக்ட்ர', நிறமாலையில் 'ஸ்பெக்ட்ரா', நிறமாலைகள் 'ஸ்பெக்ட்ரி', நிறமாலைகளின் 'ஸ்பெக்ட்ரு'. அந்த 'ஸ்பெக்ட்ரு' செக்கில் ஒருமை, இங்கே ஆறாம் வேற்றுமையில் பன்மை. இரண்டு மொழியிலும் வேலை செய்பவர்கள் இந்த இடத்தை ஒரு அட்டையில் எழுதி மேசையில் ஒட்டிக்கொள்வது நல்லது.

எல்லா 'உம்'மும் லாத்வியத்தில் விழுந்துவிடும் என்று நினைக்காதீர்கள். குறைந்தபட்சம், வெற்றிடம் ஆகியவற்றுக்கான சொற்கள் 'மினிமும்ஸ்', 'வகுவும்ஸ்' என்று லத்தீன் வாலை வைத்துக்கொண்டு அதன்மேல் இன்னொரு 'ஸ்' போடுகின்றன. 'உஸ்' முடிவும் அப்படியே. வைரஸ் லாத்வியத்தில் 'வீருஸ்'. எழுத்தில் கடைசி ஸகரம் இரட்டிக்கும். ஒன்று லத்தீனுடையது, ஒன்று லாத்வியத்துடையது. வைரஸின் 'வீருஸ', வைரஸ்கள் 'வீருஸி'. செக்கில் குறிலாக 'விருஸ்', வைரஸின் என்றால் 'விரு', வைரஸ்கள் 'விரி'. ஆனால் செக்கிலும் சில 'உஸ்' சொற்கள் வாலை விடுவதில்லை. இதற்கெல்லாம் விதி தேடி நேரத்தைச் செலவழிக்க வேண்டாம். உங்கள் சுருக்கத்தில் இப்படிப்பட்ட சொற்கள் பத்து இருபதுக்கு மேல் இருக்காது. ஒவ்வொன்றுக்கும் அட்டவணையைத் திறந்து, தேவையான வடிவத்தை எடுத்து எழுதுங்கள். ஒரு மாலை வேளையில் முடிந்துவிடும்.

5. சொல் வரிசையைத் திருப்புங்கள்

'நிறமாலையின் பகுப்பாய்வு' செக்கில் 'அனலீஸ ஸ்பெக்ட்ர'. பகுப்பாய்வு முன்னால், நிறமாலை பின்னால். லாத்வியத்தில் 'ஸ்பெக்ட்ர அனலீஸெ', தமிழ் வரிசை அப்படியே. எனக்கு லாத்வியத்தில் மனசுக்கு மிகவும் இதமாகப் பட்டது இந்த இடம்தான்.

கூட்டுச்சொல்லில் இன்னொரு வேறுபாடு. 'உட்கவர் நிறமாலை' (அப்சார்ப்ஷன் ஸ்பெக்ட்ரம்) என்பதில் முதல் சொல்லைச் செக் பெயரடையாக மாற்றும், லாத்வியம் பெயரை ஆறாம் வேற்றுமையில் வைக்கும். எழுத்துக்கூட்டலும் மாறும். அந்தச் சொல்லின் நடுவே செக்கில் 'பம்பரம்' என்பதன் முதல் பகர ஒலி, லாத்வியத்தில் இரண்டாம் பகர ஒலி. தமிழ்க் காதுக்கு இது நழுவிவிடும், எழுத்துவாரியாகப் பாருங்கள்.

ஒரு தொடர் உண்மையிலேயே வழக்கில் இருக்கிறதா என்று பார்க்க, செக் தேசிய மொழித்தொகுப்பிலும் லாத்விய மொழித்தொகுப்புகளிலும் (வழக்கில் உள்ள எழுத்துகளைத் திரட்டிய தேடுதளங்கள் இவை) தேடலாம்.

6. எழுத்துக் குறிகளை முதல் நாளிலேயே சரிசெய்யுங்கள்

லாத்வியத்தில் நெடிலுக்கு எழுத்தின் தலைமேல் ஒரு படுக்கைக் கோடு. 'ஸ்பெக்ட்ர', 'ஸ்பெக்ட்ரா' இரண்டுக்கும் எழுத்தில் உள்ள ஒரே வேறுபாடு அந்தக் கோடு. அது விழுந்தால் 'நிறமாலையில்' என்பது 'நிறமாலையின்' ஆகிவிடும். குறில் நெடில் நமக்குப் பிறவிப் பழக்கம் என்பதால் ஒலியைக் கேட்டாலே கோடு எங்கே என்று பெரும்பாலும் தெரிந்துவிடும். செக்கில் நெடிலுக்குச் சாய்கோடு. ஊகாரத்துக்கு மட்டும் சாய்கோடு போட்டது ஒன்று, வளையம் போட்டது ஒன்று என இரு வடிவம்.

செய்ய வேண்டியது எளிது. கணினியில் அந்தந்த மொழியின் விசைப்பலகையைச் சேருங்கள். லாத்வியத்தில் வலது ஆல்ட் விசையோடு உயிரெழுத்தைத் தட்டினால் நெடில் வரும். செக் விசைப்பலகையில் குறியுள்ள எழுத்துகள் பலவும் எண் வரிசையில் இருக்கும். பழைய பிடிஎஃப் கோப்பிலிருந்து நகலெடுத்து ஒட்டாதீர்கள். குறி தனியே, எழுத்து தனியே பிரிந்து வரும், கண்ணுக்குச் சரியாகத் தெரியும், பல்கலைக்கழகத் தளத்தில் ஏற்றியதும் சிதறும்.

லாத்வியத்தில் ஆங்கிலத்தின் எக்ஸ், ஒய் எழுத்துகள் கிடையாது. எக்ஸ் வரும் இடத்தில் 'க்ஸ்', ஒய் வரும் இடத்தில் இகரம். செக்கில் இரண்டும் உண்டு. பிழைதிருத்தி இதைக் காட்டும், ஆனால் அந்தப் பத்தியின் மொழியை நீங்கள் மாற்றி வைத்திருந்தால்தான் காட்டும்.

7. எவ்வளவு செலவாகும்?

அகராதிகளுக்கு ஒன்றும் இல்லை. தாய்மொழியாளர் ஒருவர் படித்துத் திருத்துவதற்குத்தான் செலவு. அதைத் தவிர்க்காதீர்கள். ஆய்வகத் தோழர் அன்புக்காகப் பார்த்துத் தருவார், அது நடந்தால் நல்லது. துறை தெரிந்தவர் என்பதால் பணம் வாங்கும் திருத்துநரைவிட அவர் கண்ணுக்கு 'ப்ளஸ்மட்டு' பிழைகள் சீக்கிரம் படும்.

பணம் கொடுத்துச் செய்தால் விலை பக்கக் கணக்கில் இருக்கும். அந்தப் பக்கம் தாளின் பக்கம் அல்ல. செக்கில் இடைவெளிகளையும் சேர்த்து 1800 எழுத்து ஒரு நிலையான பக்கம். லாத்வியாவிலும் 1800 பரவலான கணக்கு, இருந்தாலும் கேட்டு உறுதிசெய்யுங்கள். உங்கள் சுருக்கம் 1900 எழுத்து வந்தால் இரண்டு பக்கமாகக் கணக்கிடக்கூடும், நூறு எழுத்தைக் குறைத்தால் அந்தப் பணம் மிச்சம். சொன்ன விலையில் வரி சேர்ந்திருக்கிறதா என்றும் கேளுங்கள். இரு நாட்டிலும் பொதுவான மதிப்புக்கூட்டு வரி 21 சதவீதம். அவசரக் கட்டணம் தனி. திருத்துவதா, புதிதாக மொழிபெயர்ப்பதா என்பதையும் தெளிவாகச் சொல்லிவிடுங்கள், இரண்டுக்கும் விலை வேறு.

சான்றளித்த மொழிபெயர்ப்பை யாராவது பரிந்துரைத்தால் வேண்டாம் என்று சொல்லுங்கள். செக்கில் நீதிமன்ற மொழிபெயர்ப்பாளரின் முத்திரையோடும் லாத்வியாவில் நோட்டரியின் சான்றோடும் வருவது அது. பட்டச் சான்றிதழ், பிறப்புச் சான்றிதழ் போன்றவற்றுக்கு உரியது. ஆய்வேட்டுச் சுருக்கத்துக்கு அந்தச் செலவு வீண்.

8. எப்போது தொடங்குவது?

சமர்ப்பிக்கும் நாளிலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள். கடைசி வாரம் தளத்தில் ஏற்றவும் கோப்பைச் சரிபார்க்கவும் மட்டும். அதற்கு முந்தைய வாரம் வழிகாட்டிக்கு. மே மாதம் என்றால் அவர் மேசையில் உங்களைப் போலப் பலரின் ஏடுகள் கிடக்கும், ஒரே நாளில் திருப்பித் தருவார் என்று எதிர்பார்க்க முடியாது. அதற்கும் முன்னால் திருத்துநருக்குச் சில நாள். சொற்பட்டியலும் வேற்றுமை வடிவங்களும் எடுக்க உங்களுக்கு ஒரு வாரம். ஆக, குறைந்தது ஒரு மாதம் முன்பே ஆங்கிலச் சுருக்கம் முடிந்திருக்க வேண்டும்.

திருத்துநருக்கு அனுப்பும்போது உங்கள் சொற்பட்டியலையும் சேர்த்து அனுப்புங்கள்: ஆங்கிலச் சொல், உள்ளூர்ச் சொல், பால், எந்தத் தளத்திலிருந்து எடுத்தீர்கள் என்பது. இல்லாவிட்டால் மொழி நயத்துக்காகக் கலைச்சொல்லை மாற்றிவிடும் வாய்ப்பு உண்டு. திரும்பி வந்ததும் மாறிய கலைச்சொற்களை மட்டும் வழிகாட்டியிடம் காட்டுங்கள்.

பல பல்கலைக்கழகங்களில் சுருக்கத்தை ஏட்டின் கோப்பில் வைப்பதோடு, தகவல் தளத்தின் பெட்டியிலும் தனியே ஒட்ட வேண்டும். கடைசித் திருத்தத்தை ஒரு இடத்தில் செய்து மற்றதில் விட்டுவிடுவது எளிதாக நடக்கிறது. சமர்ப்பித்தபின் அந்தப் பெட்டி பூட்டிக்கொண்டால், திறக்கச் சொல்லித் துறை அலுவலகத்துக்குக் கடிதம் எழுத வேண்டியிருக்கும். ஆகவே ஏற்றும் பொத்தானைத் தொடுமுன் கோப்பைத் திறந்து உங்கள் முக்கியக் கலைச்சொல்லைத் தேடல் பெட்டியில் குறிகளோடு தட்டிப் பாருங்கள். அகப்படவில்லை என்றால் எழுத்துரு உடைந்திருக்கிறது. எழுத்துருக்களை உள்ளே பதித்துக் கோப்பை மறுபடி உருவாக்குங்கள், அப்புறம் ஏற்றுங்கள்.